கணக்கு டீச்சர் கொழும்பு போன கதை

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். இந்த வயதில் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் புதுக் குடம் வாங்கினால் என் வீட்டுக் குடம் அன்றைக்கே நசுங்கினதாகத் தெரியும். ஆனால் குடம், சேலை, சங்கிலி என்று நான் பட்ட பொறாமையெல்லாம் நாலு நாளில் ஆறிப்போனவை. ஆறாமல் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் கொழும்புக்குப் புறப்பட்டபோது வந்தது அது.

அப்போது நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வீடு குற்றாலத்தில். கல்யாணமாகி நாலாம் வருசமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை. அப்பா விட்டுப் போன வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, பின்பக்கத்தில் நான் இருந்துகொண்டு முன்பக்கத்தை சீசனுக்கு வாடகைக்கு விடுவேன். குற்றாலத்தில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். சீசன் வந்தால் அருவி வந்தவர்களுக்கு, அவர்களுடைய ஈரத்துணி நமக்கு. சாரல் நாளில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. கரி அடுப்புக்கு மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஊரார் வேட்டியையும் பாவாடையையும் விரித்து, புரட்டிப் புரட்டி உலர்த்திக் கொடுத்திருக்கிறேன்.

அப்படி வருசா வருசம் வந்து தங்கியவர்தான் கொழும்பு அம்மா. பிறந்த ஊர் கடையம். அவர் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் புறக்கோட்டையில் பாத்திரக் கடை. ஆடி மாதம் பிள்ளைகளோடு வந்து இருபது நாள் அருவியில் குளித்துவிட்டு, போகும்போது எனக்கு ஒரு பொட்டலம் தேயிலையும் இரண்டு வாசனை சோப்பும் கொடுத்துவிட்டுப் போவார். அந்த சோப்பை நான் போட்டுக் குளித்ததில்லை. சேலைக்கு நடுவே வைத்து, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மோந்து பார்ப்பேன்.

ஏழு சீசன் அவருக்குத் துணி உலர்த்தினேன். ஏழு சீசனும் கொழும்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். தென்காசியில் எத்தனை மணிக்கு ரயில் ஏற வேண்டும், மதுரையில் எந்த வண்டிக்கு மாற வேண்டும், தனுஷ்கோடியில் கப்பல் எப்போது, தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு எந்த வண்டி, என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு பணம் கையில் கொண்டுபோக விடுவார்கள், எல்லாம் அதில் இருந்தது. சேலைக்கு ஓரம் அடித்தும் ரவிக்கை தைத்தும் கிடைத்ததில் மாதம் கொஞ்சம் தபாலாபீசில் போட்டு வந்தேன். மூன்றாம் வகுப்பில் போய் வர அது போதும், தங்கவும் சாப்பிடவும் செலவில்லாமல் இருந்தால். அந்தக் காலத்தில் அங்கே வீடு வாசல் உள்ள ஒருவர், இன்னார் என் வீட்டுக்கு வருகிறார், நான் பொறுப்பு என்று கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் போக அனுமதி கிடைக்கும். அந்த ஒரு கடிதம்தான் பாக்கி. கொழும்பு அம்மா வாயைத் திறந்து ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஏழு வருசம் காத்திருந்தேன்.

அந்த வருசம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகக் கணக்கு டீச்சர் வந்தாள். சின்ன வயசு, பட்டதாரி, என்னைவிட ஒரு மடங்கு கூடுதல் சம்பளம். கரும்பலகையில் அவள் போடும் வட்டம் கையால் போட்டதென்று நம்ப முடியாது. சம்பளத்தில் முக்கால் பங்கு தம்பிமார் படிப்புக்கு ஊருக்குப் போய்விடும் என்றும், இரண்டு சேலையை மாற்றி மாற்றிக் கட்டுகிறாள் என்றும் எனக்குத் தெரியும். அதனால் அவள் மேல் அனுதாபப்படுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாவம், அருவியில் குளிக்கட்டும் என்று நான்தான் அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

முன்னறையில் கொழும்பு அம்மா மங்குஸ்தான் பழத்தை உடைத்துக்கொண்டிருந்தார். “எந்த ஊரும்மா?” என்றார். “கடையம்” என்றாள் இவள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று தொடங்கி, இவள் தாத்தா வயலுக்கும் அவர் அப்பா வயலுக்கும் ஒரே வாய்க்கால் என்று கண்டுபிடிக்க அஞ்சு நிமிசம் ஆகவில்லை. ஆறாவது நிமிசம் இவள் ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். எனக்கு ஏழு வருசமாக அவர் ‘அம்மா’தான்.

அப்போதுதான் அது நடந்தது. கொழும்பு அம்மா என்னைப் பார்த்து, சத்தியமாக என்னைப் பார்த்துத்தான், “டீச்சர், ஒரு தடவ கொழும்புக்கு வாரீங்களா? நம்ம வீட்லயே தங்கிக்கலாமே” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்? ஏதோ இந்த அருவிக்கரையில கெடந்துட்டுப் போறோம்.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம். இரண்டாவது தடவை கேட்டால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை, “இம்புட்டு சொல்லுதீய, அரை டம்ளர் தாங்க.” முதல் தடவையே கை நீட்டினால் ஆலாப் பறக்கிறாள் என்று பேர் வந்துவிடும். கேட்பவருக்கும் இது தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். கொழும்பு அம்மாவுக்கும் தெரியாமல் இல்லை, அவரும் கடையத்துக்காரர்தானே. இரண்டாவது தடவை கேட்க வாயைத் திறந்தார்.

அதற்குள் இவள், “நான் வாரேன்க்கா” என்றாள்.

முதல் தடவை. அதுவும் இவளைக் கேட்கவே இல்லை. “நெசமாத்தான் கேக்கீயன்னா, டிசம்பர் அரைப்பரீட்சை லீவுல வாரேன். பத்து நாள் கெடைக்கும்” என்றாள். கொழும்பு அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “பாருங்க டீச்சர், ஊர்க்காரின்னா இப்படி இருக்கணும்” என்று என்னிடமே சொன்னார். நானும் சிரித்தேன். அந்த இரண்டாவது தடவை பிறகு வரவே இல்லை. பழத்தோலை அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஐப்பசியில் கடிதம் வந்தது. அவள் ஒருத்தி பேருக்கு மட்டும். அதை எடுத்துக்கொண்டு நேராகத் தையல் வகுப்புக்கு வந்தாள். “ஒங்களுக்கும் ஒண்ணு கேட்டு எழுதட்டுமா டீச்சர்? ரெண்டு பேருமாப் போவோம்” என்றாள்.

மனசுக்குள் ஒரு குதி குதித்தேன். வாயோ, “எனக்கு எதுக்கு? சின்னப் பிள்ள, நீங்க போய்ட்டு வாங்க” என்றது. கையில் ஊசியைப் பிடித்தபடி, அவள் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

“சரி டீச்சர். மதுரையில வண்டி எத்தனை மணிக்கு?” என்றாள்.

கணக்குக்காரி. இல்லை என்றால் இல்லை, உண்டு என்றால் உண்டு. அவளை ஏமாற்றுக்காரி என்று திட்டவும் வழியில்லை. கேட்டாள், நான் வேண்டாமென்றேன். இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் பயணத்துக்கு நான்தான் எல்லாம். நாலு மணிக்கு மணி அடித்ததும் என்னிடம் வந்து உட்காருவாள். செலவை எங்கெங்கே பிடிக்கலாம் என்று இரண்டு பேரும் மூளையைக் கசக்குவோம். முதல் நாளுக்கு எலுமிச்சம்பழச் சாதம், இரண்டாம் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய தோசை, அதற்கு மேல் அவலும் வெல்லமும் என்று வழிச் சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டது நான். கொழும்பு வீட்டுக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம், கருப்பட்டியும் வடகமும் போதும், அங்கே கிடைக்காதது அதுதான் என்று சொன்னதும் நான். ட்ரங்குப் பெட்டி என்னுடையது. ஒரே சேலையின் முந்தியில் மிஞ்சியதை ஒட்டுப்போட்டு அவளுக்கு இரண்டு ரவிக்கை தைத்தேன், கூலி வாங்கவில்லை. பணம் வைக்கப் பாவாடைக்கு உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தேன். அளவெடுக்க நாடாவைச் சுற்றினால் இடுப்பு இருபத்துநாலு. அதற்கும் ஒரு பொறாமை பட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது கொழும்பைப் பற்றி நான்தான் வாய் ஓயாமல் சொல்வேன். இரண்டடுக்கு பஸ்ஸில் மாடியில் முன்சீட்டில் உட்கார வேண்டும். புறக்கோட்டையில் சாமானுக்கு ஒரு தெரு. சாயங்காலம் காலிமுகத் திடலில் ஊரே வந்து காற்று வாங்கும். ஒரு நாள் அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாளா, எனக்கும் உற்சாகம் வந்து, அங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பெரிய மணி அடிப்பார்கள், அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள் என்று சொல்லி வைத்தேன். அப்படி ஒரு மணி உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் நாக்கில் வந்தது, சொல்லிவிட்டேன்.

என் நோட்டில் இருப்பதை ஒரு தாளில் எடுத்து எழுதித் தரும்படி கேட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். ரயில், கப்பல், பாஸ்போர்ட்டு, போட்டோ, கடிதம். அடுத்த வரியில் தடுப்பூசி. அம்மைக்கு ஒன்று, காலராவுக்கு ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு. போட்டதற்கு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் மூன்றாம் வகுப்பில் வருபவர்களை மண்டபத்தில் இறக்கி, முகாமில் ஆறு நாள் வைத்திருந்துதான் விடுவார்கள். கொழும்பு அம்மா இதை எனக்கு இரண்டு சீசனில் சொல்லியிருக்கிறார். நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

அந்த வரியை நான் எழுதவில்லை.

மறந்தேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். பாஸ்போர்ட்டு விசாரணைக்கு வரும் போலீஸ்காரர் சொல்லாமலா இருப்பார், கொழும்பு அம்மா கடிதத்தில் எழுதாமலா இருப்பார் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரோ, தையல் டீச்சர் பக்கத்தில் இருக்கையில் நாம் எதற்கு எழுத வேண்டும் என்று இருந்திருப்பார். அதற்குப் பிறகு ஆறு வாரம் தினமும் அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். “இந்நேரம் நீங்க இல்லன்னா நான் என்ன செய்வேன் டீச்சர்” என்பாள். உடனே வயிறு எரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். புறப்பட எட்டு நாள் இருந்தபோதுகூட நேரம் இருந்தது. ஏழு நாளாக ஆனதும், இனிமேல் சொல்லிப் புண்ணியமில்லை என்று மனசுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

தென்காசி ஸ்டேசனுக்குப் பள்ளிக்கூடமே வந்தது. தலைமை ஆசிரியை மாலை போட்டார். கடையத்திலிருந்து அவள் அம்மா வந்து, என்னைத்தான் கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டி நகரும்போது கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் விரலைப் பிடித்து, “ஒங்க கண்ணாலயும் சேத்துப் பாத்துட்டு வாரேன்” என்றாள். நான் விரலை உருவிக்கொண்டேன்.

பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் மதுரை, இந்நேரம் மானாமதுரை என்று கடிகாரத்தோடு அவள் பின்னாலேயே போய், மண்டபம் வந்ததும் நின்றுவிடுவேன். இறக்கியிருப்பார்களா, விட்டிருப்பார்களா? இறக்கியிருக்கக் கூடாது என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். விட்டிருந்தால், இந்நேரம் இரண்டடுக்கு பஸ்ஸின் மாடியில் முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்ததும் அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வந்தாள். முகம் கறுத்துப்போய், கொஞ்சம் இளைத்திருந்தாள். கடல் காற்று என்றார்கள். ஆசிரியைகள் அறையில் எல்லாரும் சுற்றி உட்கார, அவள் சொல்லத் தொடங்கினாள். பஸ்ஸின் மாடியில் முன்சீட்டில் உட்கார்ந்தேன் என்றாள். புறக்கோட்டையில் சாமானுக்கு ஒரு தெரு. அடேயப்பா, எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டார்களே! ஊசியும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் இவளை மட்டும் எப்படி விட்டார்கள்? நான் ஏழு வருசம் எழுதி வைத்த ஊரை இவள் பத்து நாளில் தின்றுவிட்டு வந்து நிற்கிறாளே என்று மேசைக்கு அடியில் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது யாரோ காலிமுகத் திடலைப் பற்றிக் கேட்டார்கள். “சாயங்காலம் ஊரே வந்து ஒக்காந்திருக்கும். வெளக்கு வைக்கிற நேரத்துல ஒரு பெரிய மணி அடிப்பாங்க. அதக் கேட்டுத்தான் எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவாங்க” என்றாள்.

முறுக்குவதை நிறுத்தினேன். அந்த மணியைக் கொழும்பில் தொங்கவிட்டது நான். அதை அவள் காதால் கேட்டிருக்க முடியாது.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க முடியவில்லை. கண்டக்டரே, “என்ன டீச்சர், சம்பளம் ஏறிட்டா?” என்று கேட்டார். ஆனால் அந்தச் சந்தோசத்தை யாரிடமும் சொல்லித் தீர்க்க வழியில்லை. அவள் போகவில்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு ஆடி பிறக்கக் காத்திருந்தேன். அந்த ஆறு மாதமும் பிள்ளைகள் அவளைக் ‘கொழும்பு டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. அது எனக்கு வர வேண்டிய பேர்.

ஆடியில் கொழும்பு அம்மா வந்து இறங்கினார். பெட்டியை வைத்ததும், “நம்ம கடையத்துப் பிள்ளைக்கு இப்ப உடம்பு தேவலையா? புறப்படுத நேரத்துல காய்ச்சல் வந்துட்டுன்னு கடுதாசி போட்டிருந்தா. அவளுக்குன்னு ஒரு அறையவே ஒழிச்சு வச்சிருந்தேன்” என்றார். “தேவலைம்மா” என்றேன். மறுநாள் நாலு மணி எப்போது அடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் நிலைகொள்ளாமல் இருந்தேன்.

அவள் எட்டாம் வகுப்பில் தனியாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து, “கொழும்பு அம்மா வந்திருக்காவ” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேனாவை மூடினாள்.

“சீசன் வந்தா தெரிஞ்சிரும்னு அப்பவே நெனச்சேன்” என்றாள். “மண்டபத்துல எறக்கி விட்டுட்டாங்க டீச்சர். ஊசி போட்ட சீட்டு வேணுமாம். ஆறு நாள் முகாம்ல வச்சிருந்தாங்க. வெளிய விடும்போது மிச்சம் இருந்த லீவு கொழும்பு போய்த் திரும்பக் காணாது. பத்து நாளும் முடியாம ஊருக்கு எப்படித் திரும்புறதுன்னு ராமேசுவரம் சத்திரத்துலயே ரெண்டு நாள் கெடந்துட்டு வந்தேன். நீங்கள்லாம் மாலை போட்டு அனுப்பிச்சீய. எங்கம்மா தெரு பூரா சொல்லி வச்சிருக்கா. நான் என்னன்னு வந்து சொல்லுவேன்?”

நான் மேசையில் கிடந்த நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

“தெனமும் ரயிலு பாம்பன் பாலத்துக்குப் போகும். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்பேன். அங்கன இருந்த பொம்பளையளுக்கெல்லாம் நீங்க சொன்ன கொழும்பத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அதச் சொல்லித்தான் ஆறு நாளும் போச்சு.” சிரிக்கப் பார்த்தாள். “முகாம்ல ஒரு நர்சம்மா சத்தம் போட்டாவ, படிச்ச பிள்ளதானே, ஊசி போடணும்னு ஒனக்கு யாரும் சொல்லலையான்னு. எங்க டீச்சருக்கு எல்லாம் தெரியும், அவங்க சொல்லாம இருந்திருக்க மாட்டாங்க, நாந்தான் கேக்காம விட்டிருப்பேன்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் அவசரப்படுத்தவில்லை. நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தாள்.

“சொன்னேனே டீச்சர்” என்றேன். “ரெண்டு தடவ சொன்னேன்.”